என் வீட்டுக்காரருக்கு அளவு எடுத்தார்கள்

எனக்கும் மாரியம்மனுக்கும் பதினோரு வருடப் பகை. பகை என் பக்கம்தான். அவள் பாட்டுக்குக் கோயிலில் இருந்தாள். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடும் நேரத்தில் நான் மட்டும் சூட வெளிச்சத்தில் அவளை முறைத்துக்கொண்டு நிற்பேன்.

காரணம் என் வீட்டுக்காரர். அவர் குருண் டவுனில் ஒரு ஃபேக்டரியில் சாமான் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். வருடத்தில் முக்கால்வாசி நாள் சம்சு குடிப்பார். சின்ன பாட்டிலில் வரும் மலிவுச் சாராயம் அது, வாசலுக்கு வருமுன் வாசனை வந்துவிடும். ஆனால் பாடாங் செராய் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா வருகிறதென்றால், அதற்கு ஒரு மண்டலம் முன்பே தலைக்குக் குளித்து, மஞ்சள் துண்டு உடுத்தி, கையில் காப்பு கட்டிக்கொள்வார். அன்றோடு பாட்டிலைத் தொட மாட்டார். நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டு கிடையாது. திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்து மூன்று நான்கு வாரம் போனால் பழைய கதைதான்.

மனசு வைத்தால் அவனால் முடியும் என்று எஸ்டேட்டே சொல்லும். என்னைக் கொன்றது அந்தப் பேச்சுதான். சாமிக்காக விடத் தெரிந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி பிள்ளைக்காக விடத் தெரியவில்லை என்றால், நானும் மகளும் அவர் மனசில் எந்த இடத்தில் இருக்கிறோம்? பாக்கார் ஆராங் பகுதியில் எங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து ஊரார் பிளவுஸ்களைத் தைத்துக்கொண்டே இதைத்தான் யோசிப்பேன். கோபத்தில் மிதித்து மிதித்து இரண்டு மெஷின் மோட்டாரைக் கெடுத்திருக்கிறேன்.

காப்பு கட்டிய இரண்டாம் நாள் அவருக்கு அருள் வரும். முதலில் கை நடுங்கும். பிறகு உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும், பல் கிட்டும். மூலையைப் பார்த்து, “ஆத்தா வந்து நிக்கிறா, பாரு” என்பார். சேதி போனதும் எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடுவார்கள். பையனுக்கு வேலை கிடைக்குமா, வீட்டு லோன் பாஸ் ஆகுமா என்று குறி கேட்பார்கள். அவரும் நடுங்கிக்கொண்டே ஏதாவது சொல்வார். நாலைந்து நாளில் நடுக்கம் அடங்கும். அடுத்த வாரத்திலிருந்து ஆளே வேறு. இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். கோயில் சுவருக்குத் தனியாளாகப் பெயின்ட் அடிப்பார். பத்துப் பேர் வேலையைப் பாடிக்கொண்டே பார்ப்பார், பேச்சுக்கு முற்றுப்புள்ளியே இருக்காது. திருவிழா அன்று பால்குடத்தோடு அவர் ஆடுகிற ஆட்டத்தில் பாதிப் பால் ரோட்டில் போய்விடும். வழியிலேயே ஆத்தா குடித்துவிட்டாள் என்று கோயில் தலைவர் எல்லாருக்கும் சொல்வார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த ஒரு நாள் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். கூட்டத்தில் என் சேலையைத் தொட்டுக் கும்பிட்டவர்கள்கூட உண்டு.

அதற்கப்புறம் மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். குளிக்க மாட்டார், மகள் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். விரதக் களைப்பு என்போம். களைப்பு தீர்ந்து எழுந்தால் நேரே பாட்டில். காலையில் நான் அவருக்குக் காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றுவேன். முழு டம்ளர் ஊற்றினால் கை நடுங்கிச் சட்டையில் கொட்டிக்கொள்வார். மகளுக்கும் அது பழகிப்போனது. அப்பாவுக்கு அரை டம்ளர் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஒரு நாள் காலை ஷிப்டில் ஃபோர்க்லிஃப்டை ஏற்றி ஒரு வரிசைச் சாமான் முழுவதையும் சாய்த்துவிட்டார். ஆள் யாருக்கும் அடி இல்லை, அது எங்கள் முன்னோர் செய்த புண்ணியம். பாதுகாப்பு அதிகாரி குடி பார்க்கிற கருவியில் ஊதச் சொன்னார், இவர் ஊதினார், தீர்ந்தது. வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். முழுப் பரிசோதனை செய்து டாக்டர் ரிப்போர்ட் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று கடிதம் கொடுத்தார்கள்.

கூலிமில் இருக்கும் என் அண்ணன் அன்று சாயந்திரமே போன் செய்தார். அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் கிடந்த அறையைக் காலி செய்துவிட்டேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். நான் துணிமணியை ஒரு பையில் அடுக்கித் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

“ஒரே ஒரு தடவ முழுசா செக் பண்ணிக்குங்க. வெறும் குடிதான், வேற ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா நான் இந்தப் பையத் தூக்கிருவேன்” என்றேன்.

அவர் பையைப் பார்த்தார். “சரிம்மா” என்றார். சண்டைக்கு நின்றிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் வார்டில் படுக்க வைத்துக் குடியை இறக்கினார்கள். அதற்கு மாத்திரை, ஊசி, சத்துமருந்து, மணிக்கு ஒரு தரம் நாடி பார்ப்பது எல்லாம் நடந்தது. வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் கழித்துத்தான் மனநலப் பிரிவில் பெரிய பரிசோதனை என்றார்கள். குடி உடம்பில் இருக்கும்வரை எது குடியின் வேலை, எது மனதின் வேலை என்று பிரித்துப் பார்க்க முடியாதாம். துணியை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். நனைக்காத துணியைத் தைத்தால் முதல் சலவையிலேயே அளவு போய்விடும்.

பரிசோதித்தவர் ஒரு மலாய்ப் பெண், மனநல நிபுணர். முப்பது வயதுதான் இருக்கும். நான் பூவான் என்று கூப்பிட்டேன், மேடம் மாதிரி; அவர் என்னைக் காக் என்றார், அக்கா மாதிரி. எல்லாம் மலாயில்தான். முதல் நாள் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். எப்போதிருந்து குடிக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார், நான் பதில் சொன்னேன். தூக்கம் எப்படி என்று கேட்டார், அதற்கும் நான் சொன்னேன். சாவது பற்றி எப்போதாவது நினைத்ததுண்டா என்று கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்றேன். பூவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கிறீர்களா என்று சிரித்த முகத்தோடு கேட்டார். வாசல் வரைக்கும் வந்து கதவையும் சாத்தினார்.

இரண்டு மணி நேரம் வெளியே கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருடம் குடித்தனம் நடத்தினவளுக்குத் தெரியாததையா ஒரு காகிதம் சொல்லப் போகிறது? பிளவுஸ் கடைக்காரியிடம் வந்து, நீ தள்ளிப் போ, நான் வெட்டுகிறேன் என்றால் எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரர் வெளியே வந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது. அழுதிருக்கிறார். என்ன கேட்டார்கள் என்றேன். கடிகாரம் வரையச் சொன்னார்களாம், நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னார்களாம், ஒரு கட்டுக் கேள்விகளுக்கு அடையாளம் போடச் சொன்னார்களாம். சாவு பற்றிய கேள்விக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை நானும் வாயைத் திறக்கவில்லை, அது எங்கள் குடும்பத்தில் ஒரு சரித்திரம்.

இரண்டாம் நாள் என் முறை. தனியாக. இத்தனை வருடத்தில் அவர் குடியை நிறுத்தியதே இல்லையா என்று பூவான் கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன்! வருடா வருடம் நிறுத்துவார் பூவான், சாமிக்காக நிறுத்துவார், எனக்காக மாட்டார் என்று மொத்தப் புகாரையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை. நிறுத்தியதும் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். அருள் வரும் என்றேன்.

அருள் என்றால் என்ன என்று கேட்டார்.

தமிழில் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். மலாயில் அதற்குச் சொல் தெரியாமல், நடப்பதை நடக்கிறபடியே விவரித்தேன். குடியை நிறுத்தின இரண்டாம் நாள் கை நடுங்கும், வேர்க்கும், தூங்க மாட்டார், பல் கிட்டும், மூலையில் ஆள் நிற்பதாகச் சொல்வார், நாலைந்து நாளில் சரியாகிவிடும். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

“கல்யாணமான புதுசுல இவரு குடிக்காம இருந்தாருன்னு சொன்னீங்களே காக். அப்பவும் காப்புக் கட்டினாரா?” இதை அவர் மலாயில்தான் கேட்டார், என் காதில் இன்றைக்கும் தமிழில்தான் விழுகிறது.

கட்டினார் என்றேன்.

“அப்ப அருள் வந்துச்சா?”

வரவில்லை. ஆறு வருடம் காப்புக் கட்டினார், ஒரு வருடம்கூட வரவில்லை. குடிக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது. இதை எத்தனையோ பேரிடம், குடிகாரனாக இருந்தாலும் ஆத்தா இவனைத்தான் தேடி வருகிறாள் என்று பெருமையாகச் சொன்னவள் நான்.

சாமியைப் பற்றிச் சொல்ல எனக்கு அறிவில்லை காக், உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்றார் பூவான். இவ்வளவு குடிக்கிற உடம்பு ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் ஆடும். வலிப்பு வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரும் போகலாம். அதனால்தான் வார்டில் வைத்து நிறுத்தினோம் என்றார். பதினோரு வருடம், செத்துப்போயிருக்கக்கூடிய ஒரு மனுஷன் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து, தீபாவளிக்குத் தையல் ஆர்டர் கூடுமா என்று நானும்தான் குறி கேட்டிருக்கிறேன். அம்மா என்று வாய்விட்டு அழுதேன். அதற்குமுன் ஆஸ்பத்திரியில் நான் பிரசவத்துக்குத்தான் அழுதிருக்கிறேன்.

அழுது முடித்ததும் பூவான் அடுத்ததைக் கேட்டார். நடுக்கம் நின்ற பிறகு வரும் அந்தத் தூங்காத நாட்கள், அதற்கப்புறம் வரும் படுக்கை, இதற்கெல்லாம் தேதி ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் என்ன, எழுத்திலேயே இருக்கிறது என்றேன்.

எங்கள் சுவரில் எப்போதும் குதிரை ரேஸ் தேதி போட்ட பெரிய காலண்டர்தான் தொங்கும். கட்டம் பெரிதாக இருப்பதால் பிளவுஸ் ஆர்டரை அதில் குறித்து வைப்பேன். கூடவே வீட்டு நிலவரமும் இருக்கும். அவர் குடித்த நாளுக்குப் பெருக்கல் குறி. தூங்காமல் வீட்டைப் புரட்டிப் போட்ட நாளுக்கு வட்டம், ஏனென்றால் அந்த நாட்களில் நான் ஆர்டர் எடுக்க முடியாது. படுத்துக் கிடந்த நாளுக்கு ஒரு கோடு. மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கைக்கும் கழுத்துக்கும் அளவு வரைந்து வெட்டிக்கொள்வேன். தையல்காரி வீட்டில் நல்ல தாள் வீணாகாது.

மூன்றாம் நாள் ஒரு பை நிறையப் பிளவுஸ் வெட்டுத் தாள்களோடு போய் இறங்கினேன். பூவான் மேஜையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கினார். முப்பத்தாறு சைஸ் முன்பக்கம் ஒரு மார்ச் மாதம், ஒரு கைத்துண்டு பாதி ஆகஸ்ட், முதுகுத் துண்டில் ஒரு முழு டிசம்பர். மூன்று பேருமாகக் குனிந்து, வருடம் பார்த்து அடுக்கினோம். என் வீட்டுக்காரர்தான் வேகமாகக் கண்டுபிடித்தார், சாமான் அடுக்குவது அவர் தொழில் இல்லையா.

இருந்ததிலேயே பழைய தாள் ஒரு கைத்துண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்த வருடம். அதில் ஒரு பெருக்கல் குறி கிடையாது. அப்போது அவர் குடிக்கவே ஆரம்பிக்கவில்லை, விரதமும் இல்லாத மாதம் அது. ஆனால் வரிசையாகப் பன்னிரண்டு வட்டம். ஓரத்தில் என் கையெழுத்தில், ‘தூங்கவே இல்லை, வாசல் கேட்டுக்கு மறுபடியும் பெயின்ட்’ என்று இருந்தது. அதற்கடுத்த மாதத் துண்டில் கோடு, கோடு, கோடு. பூவான் அந்தக் கைத்துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

என் வீட்டுக்காரர் வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். பிறகு, முதல் நாள் பூவானிடம் மட்டும் சொன்னதை என்னிடமும் சொன்னார். அவருடைய அப்பாவும் இப்படித்தானாம். சில மாதம் மூன்று ஆள் பால் சீவுகிற ரப்பர் மரங்களைத் தனியாகச் சீவிவிட்டுப் பாடிக்கொண்டு வருவாராம், சில மாதம் சுவரைப் பார்த்துக் கிடப்பாராம். பேய் பிடித்திருக்கிறது என்று அடித்தார்களாம். தனக்கும் அது வந்துவிட்டது என்று தெரிந்தபோது வெளியே சொல்லப் பயந்துவிட்டார்.

“தூங்கறதுக்குத்தாம்மா மொதல்ல குடிச்சேன். அப்பறம் எழும்பறதுக்கும் அதுவே வேண்டியிருந்துச்சி” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். நடுங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மனநல டாக்டரும் பூவானும் சேர்ந்து உட்காரவைத்து முடிவைச் சொன்னார்கள். நோய் இரண்டு. மனம் அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமான நோய் ஒன்று, அது முதலில் வந்தது. அதை அடக்கக் குடித்துக் குடித்து வந்த குடிநோய் இன்னொன்று. ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றது இழுத்துக்கொண்டு வந்துவிடும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் எல்லாரும், நானும் சேர்த்து, கண்ணளவிலேயே அவரை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தோம். டேப்பை எடுத்து முழுசாக அளவு எடுத்தவர்கள் இவர்கள்தான்.

புருஷனுக்கு இரண்டு நோய் என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி நடையில் சிரித்துக்கொண்டு வந்த பொம்பளை நானாகத்தான் இருப்பேன். கார் நிறுத்துமிடத்திலேயே அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, அரிசி மூட்டையத் திரும்ப அந்த ரூம்லயே வச்சிக்குங்க. நான் வரல. அவருக்கு சீக்குண்ணே, ரெண்டு சீக்கு!”

அண்ணன், இதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறாய், உனக்கும் ஒரு தரம் செக் பண்ணலாமா என்றார். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன். பையில் ஒரு சேலைகூட மிச்சமில்லை.

அடுத்த ஒரு வருடம் பாலும் தேனுமாக ஓடியது என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையின் அளவு சரியாகும்வரை வாய் உலர்ந்தது, உடம்பு கனத்தது, ரத்தம் எடுக்க நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. தீபாவளி சமயத்தில் ஒரு நாள் குடித்துவிட்டார். ஆனால் தானே வந்து சொன்னார், தானே பூவானுக்குப் போன் செய்தார். திட்டுவதற்கு நான் வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாகிப்போனது. ரிப்போர்ட்டைப் பார்த்த ஃபேக்டரிக்காரர்கள் முதலில் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். எட்டாவது மாதம் ஃபோர்க்லிஃப்ட் சாவியைக் கொடுத்தார்கள். அன்று மகள் காப்பியை விளிம்பு வரைக்கும் ஊற்றி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே எடுத்துக் குடித்தார். சட்டையில் சொட்டு விழவில்லை. அவள் சட்டத்தை அவளே மாற்றிவிட்டாள்.

இந்த வருடத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டார். கட்டுங்கள், ஆனால் மாத்திரையும் ஏழு மணி நேரத் தூக்கமும் தவறக்கூடாது, வெயிலில் நடக்கும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே போக வேண்டும் என்றார்கள். கட்டினார். இரண்டாம் நாள் எஸ்டேட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார்கள். அவர் அவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். கை அசையவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஆத்தா அவனை விட்டுப் போய்விட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு திருவிழா வரைக்கும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அது எப்பேர்ப்பட்ட விரதம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திருவிழா அன்று பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆடவில்லை. மேளம் உச்சத்துக்குப் போனபோதும் நடந்தார். மகள் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே வந்தாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்று குடித்தார். வெயிலில் ரோடு கொதித்தது. அவர் வந்த வழியில் ஒரு சொட்டுப் பால் கிடையாது, நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் குடத்தை இறக்கினார்கள். “என்னப்பா, இந்த வருஷம் ஆத்தா எறங்கலையா?” என்று தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே நின்றார். பூசாரி குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். காலையில் நான் ஊற்றின பால் ஊற்றின மட்டத்திலேயே, கழுத்துவரைக்கும் நின்றது.

“தலைவரே, நல்லாப் பாத்துக்குங்க. இந்த வருஷம்தான் ஆத்தாவுக்கு முழுக் குடமும் வந்து சேர்ந்திருக்கு” என்றேன்.

தலைவர் எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கிப் பூசாரியிடம் கொடுத்தார். பால் அம்மன் தலையிலிருந்து இறங்கி முகம், தோள், பாதம் என்று வழிந்தது. ஒரு குடப் பால் ஊற்ற இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு சூடம் காட்டினார்கள். நான் முறைக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.